காப்பியப் படத்தின் உரைகல்

அரபு மொழியில் இலக்கியத் திறனாய்வுக்கு ‘நக்து’ என்று பெயர். அச்சொல் முதலில் காசுக்கடைக்கு உரியது. கைக்கு வந்த திர்ஹங்களைத் தட்டி ஒலி கேட்டு, உரைத்து நிறம் பார்த்து, நல்ல நாணயத்தையும் செல்லாக் காசையும் வேறு வேறாக வைக்கும் ஸர்ராஃபின் தொழிலுக்கே அரபிகள் அப்பெயரை இட்டு வழங்கினர். பிற்காலத்தில் கவிதையின் தரம் காண்போரும் அதையே எடுத்தாண்டனர். நம் கடைவீதிகளில் வழங்கும் ‘சராப்பு’ என்ற சொல்லும் அந்த ஸர்ராஃப் வழி வந்ததே. காசை எடுத்துப் பாராமலே தள்ளுகிறவனும் நல்ல சராப்பு அல்லன். பளபளப்பைக் கண்டதுமே பெட்டியில் போட்டுக்கொள்கிறவனும் அல்லன்.

இவ்வளவும் ஒரு திரைப்படப் பேச்சுக்கு முன்னுரையாகச் சொல்ல நேர்ந்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ மணிரத்னத்தின் இயக்கத்தில் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்தபோது, கும்பகோணத்தில் அதைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. குந்தவை வாழ்ந்ததாகக் கல்கி சொன்ன பழையாறை எங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், “அத்தா, இதைவிடப் பெரிய படம் தமிழில் உண்டா?” என்று கேட்டனர். “பெரிய என்றால் எதில் பெரிய?” என்று திருப்பிக் கேட்டேன். யானை, குதிரை, கப்பல், கோட்டை, செலவான கோடிகள் என்று அவர்கள் அடுக்கினர். அந்தப் பட்டியல் எனக்குப் போதவில்லை. எது போதும் என்று அன்று சொல்லத் தெரியவுமில்லை. இக்கட்டுரை அப்பிள்ளைகளுக்குக் கடன்பட்ட விடை.

மதரஸாவில் ஓதியவனுக்குத் திரைப்படத்தில் என்ன வேலை என்று வாசகர் சிலர் கேட்கலாம். நாகூரில் பிறந்து சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு.மு. இஸ்மாயீல் அவர்கள் கம்பனில் தோய்ந்து, வாலி வதத்தை ஒரு நீதிபதியின் கண்கொண்டு ஆராய்ந்தார். அதனால் அவருடைய ஈமானுக்குக் குறை நேர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. கவி கா.மு. ஷெரீப் அவர்கள் பாட்டெழுதியதும், நாகூர் ரவீந்தர் ‘நாடோடி மன்னன்’ படத்துக்குக் கண்ணதாசனோடு உரையாடல் எழுதியதும் இத்திரைக்குத்தான். பிறருடைய கதையைக் கேட்பதற்கும் பிறருடைய வழிபாட்டில் சேர்வதற்கும் இடையே உள்ள வரம்பை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர்.

பெருக்கமும் பெருமையும்

பெருங்காப்பியம் எப்படி இருக்க வேண்டும் என்று தண்டியலங்காரம் இலக்கணம் வகுத்திருக்கிறது. மலை, கடல், நாடு, நகர், பருவம், ஞாயிறும் திங்களும் தோன்றும் பொழுது ஆகியவற்றின் வருணனை வேண்டும். திருமணம், முடிசூட்டு, பொழில் விளையாட்டு, புனல் விளையாட்டு வேண்டும். ஆலோசனை, தூது, படைச்செலவு, போர், வெற்றி வேண்டும். அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கும் பயக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே தன்னிகரில்லாத் தலைவன் ஒருவன் வேண்டும்.

இப்பட்டியலைப் படிக்கும்போது ஒன்று புலனாகும். தலைவனும் நாற்பொருட்பயனும் நீங்கலாக மற்ற யாவும் பணத்தால் வாங்கத் தக்கவை. கடல் வேண்டுமா, கப்பலோடு படம் பிடிக்கலாம். நகர் வேண்டுமா, அட்டையிலும் மரத்திலும் எழுப்பலாம். இன்றைக்குக் கணிப்பொறியிலேயே எழுப்பலாம். ஆகையால் காப்பியப் படம் எடுப்போர் எளிதில் கைகூடுவதை முதலில் தேடுகின்றனர். தலைவனின் தன்னிகரின்மையோ எந்தச் சந்தையிலும் விலைக்கு வருவதில்லை.

பெருக்கத்தை நான் முற்றிலும் பழிக்கவில்லை. திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ். வாசன் 1948-ல் வெளியிட்ட ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தை எடுத்துக்கொள்வோம். அரண்மனை முற்றத்தை நிரப்பிப் பெரும் பெரும் முரசுகள். அவற்றின்மேல் வரிசை வரிசையாக ஆடும் பெண்கள். கொடியவனாகிய இளவரசனும் நாமும் அந்தப் பிரம்மாண்டத்தில் மயங்கியிருக்கும்போதே முரசுகள் திறந்து, உள்ளே ஒளிந்திருந்த வீரர்கள் வெளிப்படுகின்றனர். அங்கே முரசு பெரிதாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் ஆள் அதனுள் ஒளிய வேண்டும். கதையின் திருப்பத்தை வயிற்றில் சுமந்திருப்பதால் அந்தப் பெருக்கம் வீணாகவில்லை. இன்று நாம் காணும் பல படங்களில் முரசு அதைவிடப் பெரிதாக இருக்கிறது. திறந்தால் உள்ளே ஒருவரும் இல்லை.

‘பொன்னியின் செல்வ’னில் எனக்கு நிலைத்த காட்சி கடற்போரன்று. கடம்பூர் மாளிகையின் ஓர் அறையில், விளக்கொளியில் ஆதித்த கரிகாலனும் நந்தினியும் எதிரெதிரே நிற்கும் காட்சியே அது. இரண்டே முகங்கள், வெளியே ஒரு பேரரசு. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய நாவலின் ஐந்தாம் பாகத்துக்கு ‘தியாக சிகரம்’ என்று பெயர் வைத்தார். தன் தலைக்கு வந்த மணிமுடியை அருள்மொழி பிறிதொரு தலையில் சூட்டும் நிகழ்ச்சியே கதையின் சிகரம் என்பது அப்பெயரின் பொருள். திரையில் அச்சிகரத்தை நெருங்கும்போது படத்துக்கு மூச்சு வாங்கிவிடுகிறது. வேகமாகத் தொட்டுவிட்டு இறங்கிவிடுகிறது. படைக்கு அளித்த நிமிடங்களில் கொஞ்சம் அந்த முடி கைம்மாறும் நொடிக்குக் கொடுத்திருக்கலாகாதா என்று தோன்றிற்று. படம் நல்ல படமே. பெரிய படமாகும் இடத்தை அது அவசரத்தில் கடந்துவிட்டது.

கவசம் தந்தவனும் கவசம் காத்தவனும்

பி.ஆர். பந்துலு இயக்கித் தயாரித்த ‘கர்ணன்’ 1964 ஜனவரி 14 அன்று, பொங்கலை ஒட்டி வெளிவந்தது. சக்தி கிருஷ்ணசாமியின் உரையாடல், கண்ணதாசனின் பாடல்கள், விசுவநாதன்–இராமமூர்த்தி இசை. கர்ணனாகச் சிவாஜி கணேசன், கண்ணனாக என்.டி. ராமராவ், துரியோதனனாக அசோகன். போர்க்களக் காட்சிகளுக்காகக் குருக்ஷேத்திரம் வரை சென்று படம் பிடித்தனர். தண்டியின் பட்டியலில் பெரும்பகுதி அப்படத்தில் உண்டு.

நான் அப்படத்தைக் காண்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டேன். மதரஸா விடுதியில் ஓதிய நாட்களில் படக்கொட்டகைக்குச் செல்ல அனுமதி இல்லை. செல்ல நினைத்ததும் இல்லை. ஆயினும் எதிர்த்த தேநீர்க் கடையில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. ஒரு பிற்பகல் அதில் ‘கர்ணன்’ ஒலிச்சித்திரம் போயிற்று. நஹ்வுப் பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்த எனக்கு, ஒரு தாய் தான் ஆற்றில் விட்ட மகனிடம் வந்து வரம் கேட்கும் குரலும், அவன் விடையிறுக்கும் குரலும் கேட்டன. தேரையும் மாளிகையையும் நான் காணவில்லை. அன்று இரவு பாடம் ஓடவில்லை.

கதையை நம் இல்லத்துப் பெண்களும் பிள்ளைகளும் அறிவதற்காகச் சுருங்கச் சொல்கிறேன். பிறந்தவுடன் ஆற்றில் விடப்பட்டுத் தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன் கர்ணன். குலம் கேட்டு அவை இழித்தபோது, அவனுக்கு நாடு கொடுத்து அரசனாக்கியவன் துரியோதனன். அவன் பக்கம் நீதி இல்லை என்பதைக் கர்ணன் அறிவான். போர் நெருங்குகையில் தான் பாண்டவரின் மூத்தவன் என்ற உண்மையும் தெரிகிறது. அணி மாறினால் முடி அவனுக்கு; உயிரும் மிஞ்சும். அவன் மாறவில்லை. தாய் கேட்ட இரண்டு வரங்களையும் தருகிறான்: நாகாத்திரத்தை அருச்சுனன்மேல் இரண்டாம் முறை விடுவதில்லை, மற்ற நால்வரையும் கொல்வதில்லை. அவன் திருப்பிக் கேட்பது, தான் மாளும்வரை இவ்வுறவு வெளிப்படலாகாது என்பதும், மாண்டபின் மடியில் எடுத்து மகனென்று அழ வேண்டும் என்பதும் ஆகும். முன்னரே, உடலோடு பிறந்த கவசத்தையும் குண்டலத்தையும் கேட்டு மாறுவேடத்தில் வந்தவனுக்கு, வந்தவன் யாரென்று அறிந்தும் அறுத்துக் கொடுத்திருக்கிறான்.

இங்கே எனக்கு ஓர் அரபியின் நினைவு வருகிறது. மதரஸாக்களில் பழைய அரபுக் கவிதை ஓதியவர் எவரும் ஸமவ்அல் என்ற பெயரை மறவார். இஸ்லாத்துக்கு முற்பட்ட ஆறாம் நூற்றாண்டில், தைமா நகருக்கு அருகே அப்லக் என்னும் கோட்டையில் வாழ்ந்த யூதக் கவிஞர் அவர். கவிஞர் இம்ரஉல் கைஸ் ரோமாபுரிப் பேரரசரின் உதவி நாடிச் செல்லும்போது தம் கவசங்களை அவரிடம் அமானிதமாக வைத்துச் சென்றார். பின்னர் பகைவர் வந்து கோட்டையை முற்றுகையிட்டு அக்கவசங்களைக் கேட்டனர். வெளியே அகப்பட்ட ஸமவ்அலின் மகனைப் பிடித்து, “கவசமா, மகனா?” என்றனர். அமானிதத்தைத் தர முடியாது என்றார் ஸமவ்அல். கோட்டைச் சுவரின்மேல் நின்ற அவர் கண் முன்னாலேயே மகன் கொல்லப்பட்டான். வாக்குக் காப்பவனைக் குறிப்பதற்கு அரபிகள் இன்றளவும் அவர் பெயரையே உவமை சொல்கின்றனர்.

ஒருவன் கவசத்தைக் கொடுத்துப் பெயர் பெற்றான். ஒருவர் கவசத்தைக் கொடாமல் பெயர் பெற்றார். செயல் இரண்டும் எதிரெதிரானவை. உள்ளிருக்கும் பொருள் ஒன்று. தமக்குப் பேரிழப்பு நேரும் என்று தெளிவாகத் தெரிந்த பின்னரும் சொன்ன சொல்லை விட்டு இருவரும் நகரவில்லை. தமிழில் அதற்குச் செஞ்சோற்றுக் கடன் என்றும், அரபியில் வஃபா என்றும் பெயர். தண்டி சொன்ன தன்னிகரின்மை இதுவே என்பது என் துணிபு. வென்றவர் எத்தனையோ பேர்; இன்னொரு வெற்றி வந்ததும் பழைய வெற்றி நிகராகிவிடுகிறது. இழப்பை அறிந்தே ஏற்றவனுக்கு நிகர் சொல்ல நாம் மொழி கடந்து, பாலைவனம் வரை போக வேண்டியிருக்கிறது.

நம் மார்க்கம் இத்தகைய நற்பண்பை யாரிடத்திலும் மதித்தது. அறியாமைக் காலத்தில் மக்காவில் சிலர் கூடி, அநீதிக்குள்ளானவனுக்குத் துணை நிற்பதென்று செய்த ஹில்ஃபுல் ஃபுழூல் உடன்படிக்கையை, நபித்துவத்துக்குப் பின்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் புகழ்ந்து நினைவுகூர்ந்தார்கள். கீழக்கரை வள்ளல் சீதக்காதியைச் ‘செத்தும் கொடுத்தவர்’ என்று எல்லாச் சமயத்தாரும் சொல்லும் இந்நாட்டில், மரணப் படுக்கையிலும் தன் தருமத்தின் பயனைத் தானம் செய்த கர்ணனை நாம் அயலானாக எண்ண வேண்டியதில்லை.

படத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். உரைகல் ஒரு பக்கம் மட்டும் தேய்வதில்லை. பாடல்கள் தேனாயினும், கதை விரைய வேண்டிய இடத்தில் சில அதன் காலைக் கட்டுகின்றன. நடிப்பும் உரையாடலும் சிலவிடங்களில் நாடக மேடைக்கு உரிய உரத்த குரலை விடவில்லை. எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. பாரதத்துக் கர்ணன் மாசற்றவன் அல்லன். நிறைந்த சபையில் திரௌபதியை இழித்துப் பேசியவன் அவன். வியாசரும் வில்லிபுத்தூராரும் அக்கறையை மறைக்கவில்லை. படமோ அவனைப் பெரும்பாலும் கழுவித் துடைத்தே காட்டுகிறது. நன்றிக்காகத் தீமையின் பக்கம் நின்றவன், அத்தீமையில் தானும் சிறிது நனைந்தான் என்று காட்டியிருந்தால் அவன் துயரம் இன்னும் ஆழமாகியிருக்கும். சொல் காப்பது அறமாயினும், எவனுக்குச் சொல் கொடுக்கிறோம் என்பதும் அறமே. மூலக் காப்பியம் படத்தைவிட ஒரு படி உயர்ந்து நிற்பது அவ்விடத்தில்தான்.

ஆயினும், களத்தில் அம்பு தைத்துக் கிடப்பவன்மேல் சீர்காழி கோவிந்தராஜனின் குரல் இறங்கும்போது அக்குறைகள் நினைவிலிருந்து விலகுகின்றன. சூழ்ச்சி செய்து அவனை வீழ்த்திய கண்ணனே அவன் பெருமையைப் பாடுகிறான். வென்றவன் வாயாலேயே தோற்றவனுக்குப் புகழ் கிடைக்கச் செய்தது அப்படத்தின் மேதைமை. அங்கே கருவி நெடுநேரம் ஒரு முகத்தின்மேலேயே நிற்கிறது. குருக்ஷேத்திரத்துப் படைகள் யாவும் அந்த முகத்துக்குப் பின்னணியாகிவிடுகின்றன.

காணாத தலைவர்

தேநீர்க் கடை வானொலியில் கேட்டது கண்ணால் கண்டதைவிடப் பெரிதாக என்னுள் வளர்ந்ததற்குக் காரணம் என்ன என்று பல காலம் எண்ணியதுண்டு. அதற்கு விடை தந்தது நம்மவர் கதையைச் சொன்ன ஒரு படம்.

சிரியாவில் பிறந்த முஸ்தபா அக்காத் 1976-ல் ‘அர்ரிஸாலா’ என்ற படத்தை அரபியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக, வெவ்வேறு நடிகர்களைக் கொண்டு எடுத்து முடித்தார். ஹம்ஸா (ரலி) அவர்களின் பாத்திரத்தில் அரபியில் அப்துல்லாஹ் கைஸும், ஆங்கிலத்தில் ஆந்தனி குவினும் நடித்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருவுருவும் திருக்குரலும் படத்தில் எங்கும் இல்லை. பிறர் அப்பக்கம் நோக்கிப் பேசுகின்றனர், கேட்டுத் தலையசைக்கின்றனர், கேட்டதைத் தம் வாயால் மற்றவர்க்குச் சொல்கின்றனர். சில காட்சிகளில் கருவி நிற்கும் இடமே அவர்கள் நிற்கும் இடமாகக் கொள்ளப்படுகிறது.

இம்முறையையும் ஏற்காத ஆலிம்கள் பலர். அவர்கள் கவலை நியாயமானது. நபித்தோழர்களை நடிகர் வேடத்தில் காண்பதே பொருந்தாது என்ற கருத்து இன்றும் வலுவாக உள்ளது. நான் ஃபத்வா வழங்கும் தகுதியுடையவன் அல்லன். கலையின் பக்கத்தை மட்டும் பேசுகிறேன். மார்க்கம் இட்ட தடை அந்தக் கலைஞரை முடமாக்கவில்லை என்பதே நான் கண்டது. காட்ட முடியாத ஒன்றைக் காண்போர் நெஞ்சில் எழச் செய்வது எப்படி என்ற கேள்வியை அவர் எதிர்கொள்ள நேர்ந்தது. விளைவாக, தலைவரின் பெருமை தலைவரின் முகத்தில் அன்றி, அவரை நோக்கும் முகங்களில் எழுதப்பட்டது. அடிமையாய் இருந்து மார்பில் கல் சுமந்த பிலால் (ரலி) அவர்கள் கஅபாவின்மேல் ஏறி நின்று பாங்கு சொல்லும்போது, அவரை அங்கே ஏற்றியவரை நாம் காணவில்லை. ஆயினும் வேறு யாரையும் நாம் நினைக்கவில்லை.

அதே அக்காத் 1981-ல் லிபியாவின் உமர் முக்தாரைப் பற்றி ஒரு படம் எடுத்தார். இத்தாலியப் படையை இருபது ஆண்டுகள் எதிர்த்து நின்று, 1931-ல் தூக்கிலிடப்பட்ட அம்முதியவர் தொழிலால் குர்ஆன் ஆசிரியர். படம் அவர் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பதைக் காட்டுகிறது. முடிவில் தூக்குமேடையில் அவர் மூக்குக் கண்ணாடி கீழே விழ, ஒரு சிறுவன் அதை எடுத்துக்கொள்கிறான். பீரங்கி வண்டிகளும் முள்வேலிகளும் நிறைந்த நெடும் படத்தின் முடிவுக்கு ஒரு மூக்குக் கண்ணாடி போதுமானதாக இருக்கிறது. முசோலினியின் படை செய்த கொடுமைகளைக் காட்டிய அப்படத்தை இத்தாலி 1982-ல் தடை செய்தது. அங்கே தொலைக்காட்சியில் அது காட்டப்பட 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. படத்துக்குப் பணம் கொடுத்தவர் லிபியாவின் ஆட்சியாளர் கடாஃபி என்பதையும் மறைக்கலாகாது. அவர் பணத்தின் நோக்கம் எதுவாயினும், அந்தக் கண்ணாடியை எடுத்த சிறுவனின் கை எந்த ஆட்சியாளருக்கும் உரியதன்று. அக்காத் 2005-ல் அம்மான் நகரில் விடுதி ஒன்றில் நடந்த குண்டுவெடிப்பில் மகளோடு உயிரிழந்தார். இஸ்லாத்தின் கண்ணியத்தை உலகுக்குச் சொல்ல முயன்றவர், இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக் கொல்வோரின் கையால் மாண்டார்.

ஆக, காப்பியப் படத்துக்கு நான் காணும் இலக்கணம் இது. தலைவன் தான் இழப்பான் என்று அறிந்தும் சொல் காக்கும் ஒரு நொடி அதில் இருக்க வேண்டும். படத்தின் பெருக்கம் யாவும் அந்நொடிக்கு ஏவல் செய்ய வேண்டும். அந்நொடி வந்ததும் படம் தன் கையை அடக்கிக்கொண்டு, மிச்சத்தை நம் நெஞ்சுக்கு விட்டுவிட வேண்டும்.

காதில் இருந்த காப்பியம்

மிச்சத்தை நம் நெஞ்சுக்கு விட்டுவிட வேண்டுமானால், நம் நெஞ்சில் முன்னமே ஏதேனும் இருக்க வேண்டுமல்லவா?

‘கர்ணன்’ வெளிவந்த காலத்தில், செலவுக்கு ஏற்ற வருவாய் தரவில்லை என்பர். ஆனால் 2012 மார்ச்சில் படச்சுருளைச் செப்பனிட்டு மீண்டும் வெளியிட்டபோது, சென்னையில் நூறு நாட்களுக்கு மேல் ஓடிற்று. அப்போதுதான் நானும் முதன்முறையாக அதைத் திரையில் கண்டேன். அருகில் அமர்ந்திருந்த இளைஞர்கள் உரையாடலை நடிகர் சொல்லுமுன் தாமே முணுமுணுத்தனர். அவர்களுக்கும் முன்னே, அவர்களுடைய பாட்டனார் காலத்தில், கோயில் திடல்களில் பாரதம் படித்தனர். இரவெல்லாம் கர்ண மோட்சம் கூத்து ஆடினர். பந்துலு படம் எடுப்பதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே கர்ணன் மக்கள் காதில் குடியேறியிருந்தான். குந்தி வாய் திறக்குமுன் அவள் என்ன கேட்பாள் என்று கொட்டகை முழுதும் அறிந்திருந்தது, அறிந்திருந்ததால்தான் அழுதது.

இதைச் சொல்லும்போது எங்கள் ஊர்க் கல்லூரியை நினையாதிருக்க முடியவில்லை. காவிரிக் கரையில் இன்றும் நிற்கும் கும்பகோணம் அரசுக் கல்லூரிக்கு 1880-ல் உ.வே. சாமிநாதையர் தமிழாசிரியராக வந்தார். அப்போது இவ்வூரில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், “சீவக சிந்தாமணி படித்ததுண்டா?” என்று கேட்டார். அக்கேள்வியின் பயனாக, ஏட்டில் உறங்கிய அக்காப்பியம் 1887-ல் அச்சேறியது. ஒரு காப்பியம் மீள்வதற்குப் படித்ததுண்டா என்று கேட்க ஒருவரும், இல்லை என்று நாணித் தேடப் புகும் ஒருவரும் வேண்டியிருந்தது.

நம்முடைய சீறாப்புராணமோ அதற்கு 45 ஆண்டுகள் முன்னரே, 1842-ல், ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர் அவர்களின் முயற்சியால் அச்சு கண்டுவிட்டது. உமறுப் புலவரின் 5027 பாடல்கள். மக்கத்துக்கும் மதீனத்துக்கும் அவர் தமிழ்நாட்டின் மழையையும் மருத வயலையும் கொண்டு சேர்த்தார். அரபுப் பாலையில் நெல் விளையுமோ என்று கேட்போர் உண்டு; விளைந்தது தமிழ் முஸ்லிமின் நெஞ்சில் என்பதே அதற்கு விடை. காவிரி நாட்டான் ஒருவனுக்கு ‘செழிப்பு’ என்ற சொல் நெற்கதிரின் உருவிலேயே தோன்றும் என்பதை அவர் அறிந்திருந்தார். ரபீஉல் அவ்வல் இரவுகளில், ஒருவர் பாட்டைப் பாட, ஒருவர் உரை விரிக்க, பந்தலடியில் சீறா கேட்ட முதியோரை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அதன் பாடல்களை இசையோடு ஒப்பித்ததையும் கேட்டிருக்கிறேன். அப்பந்தல்கள் இப்போது அரிதாகிவிட்டன. அச்சுக்கு முந்தி வந்த காப்பியம் காதுக்கு எட்டாமல் நிற்கிறது.

“நம் வரலாற்றைச் சொல்லும் பெரும் படம் தமிழில் ஏன் இல்லை?” என்று கூட்டங்களில் ஆதங்கப்படுவோர் உண்டு. மார்க்கத்தின் வரம்பு ஒரு காரணம். அது மதிக்கத் தக்க காரணம். ஆனால் அதைவிட நெருங்கிய காரணம் ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகளின் காதில் கதை இல்லை. கதை இல்லாத காதுக்கு எவ்வளவு பெரிய படமும் வெறும் ஓசையே.

பிள்ளைகள் மீண்டும் கேட்டால், அவர்களுக்கு ஒரு காட்சியைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு, ஹுதைபிய்யா. மக்காவிலிருந்து தப்பி வருவோரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது உடன்படிக்கையின் ஒரு விதி. எழுத்து முடியுமுன்னரே, காலில் விலங்கோடு தட்டுத் தடுமாறி வந்து சேர்கிறார் இளைஞர் அபூ ஜந்தல் (ரலி). ஈமான் கொண்டதற்காக அவரைச் சிறைவைத்த தந்தை ஸுஹைல் இப்னு அம்ருதான் குறைஷியர் சார்பில் உடன்படிக்கை பேச வந்திருப்பவர். இவரை மட்டும் விட்டுவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்கிறார்கள், ஸுஹைல் மறுக்கிறார். தோழர்கள் துடிக்கின்றனர். வாளெடுத்தால் தடுப்பார் இல்லை. ஆயினும் கொடுத்த சொல் கொடுத்ததே. பொறுத்திரு, அல்லாஹ் உனக்கு வழி செய்வான் என்ற ஆறுதலோடு அந்த இளைஞர் திருப்பி அனுப்பப்படுகிறார். மணலில் விலங்கு இழுபடும் ஓசை விலகிச் செல்கிறது.

யானை இல்லை, கோட்டை இல்லை, போரும் இல்லை. இதைக் கேட்டு ஒரு பிள்ளை வாய்மூடி அமர்ந்திருக்குமானால், எது பெரிய படம் என்று அதற்கு இனி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தி மயங்கியதும் தொலைக்காட்சியை அரை நாழிகை நிறுத்திவிட்டு, சீறாவில் ஒரு படலத்தை எடுத்து நம் வீட்டுக் கூடத்தில் உரக்கப் படிப்போம். படித்ததுண்டா என்று பிள்ளைகளைக் கேட்போம். வல்ல இறைவன் நம் சொல்லையும் அதைக் காக்கும் உறுதியையும் நமக்கு நிலைக்கச் செய்வானாக.